எவ்வளவு சுட்டிருக்கும்

ஓடவாரா, ஜப்பான்
14 ஏப்ரல் 2024, ஞாயிறு

அன்புள்ள நைனாவுக்கு,

மெர்சி எழுதிக்கொள்வது. நல்லபடியாக வந்து சேர்ந்து இன்றோடு ஆறு நாள். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீங்கள் வெயிலில் அலையாமல் இருக்கிறீர்களா?

போனில் அம்மாதான் பேசுகிறாள். "சாப்ட்டியா, குளுருதா" என்பதோடு சரி. பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து என் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிகிறது. இருபத்தொன்பது வருஷம் ரோலிங் மில் இரைச்சலுக்குக் காதைக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு வீடியோ கால் எதற்கு? மெசேஜ் தட்டச் சொன்னாலும் உங்கள் கட்டைவிரல் ஒரே அமுக்கில் மூன்று எழுத்தை அடிக்கிறது. அதனால் கடிதம்தான். ஆறு மாசப் பயிற்சி முடிகிற வரைக்கும் நான் எழுதுவேன், நீங்களும் எழுத வேண்டும்.

நம் சிப்காட் ஆலையிலிருந்து வந்தது நானும் கல்பனாவும் மட்டும். ஆளுக்கொரு அறை. பிரேக் பாகங்களில் விரிசல் இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிற அதே வேலைதான், மெஷின் மட்டும் புதுசு. மூன்றாம் நாளே அவர்கள் 'சரி' என்று தள்ளிய பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து விரிசலைக் காட்டினேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒக்காபே-சான் என்ற அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு தரம் பார்த்தாள். பிறகு எனக்குத் தலை குனிந்தாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஆனால் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

ஜன்னலைத் திறந்தால் மலை. அதன் பெயர் ஹகோனே. அங்கே பூமிக்குள்ளிருந்து வெந்நீர் தானாக வருகிறதாம். டோக்கியோவிலிருந்து ஜனங்கள் ஒன்றரை மணி நேரம் ரயில் ஏறி வந்து குளித்துவிட்டுப் போகிறார்கள். மே மாசக் கடைசியில் எங்களையும் கூட்டிப்போவதாக ஒக்காபே-சான் சொல்லியிருக்கிறாள்.

இங்கே யூனிபாரம் எல்லோருக்கும் முழுக்கை. அதனால் கவலைப்பட வேண்டாம்.

அம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள் மகள்
மெர்சி

*

புதுகும்மிடிப்பூண்டி
4 மே 2024

கர்த்தருக்குள் பிரியமான மகள் மெர்சிக்கு,

நைனா பாக்கியநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்துக்காகக் காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். கடிதம் வந்து சேர பதினாறு நாள் ஆயிற்று. தபால்காரர் அப்பாவு ஜப்பான் ஸ்டாம்பைப் பார்த்துவிட்டுத் தெருவுக்கே சொல்லிவிட்டார்.

ஓட்டுப் போட்டுவிட்டோம். விரல் மை இன்னும் போகவில்லை. வெயில் அடுப்பு மாதிரி. காலையில் நம் சபைக் கோயிலைத் திறந்து பெருக்கிவிட்டு வந்தால் பிறகு சாயங்காலம்தான் வெளியே போகிறேன். அம்மாவுக்கு முழங்காலில் வீக்கம் குறைந்திருக்கிறது. வாயில் மட்டும் எப்போதும் போலப் பலம்.

விரிசலைக் கண்டுபிடித்த சங்கதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எம் பொண்ணு கண்ணு, கண்ணு" என்று சொல்லிக்கொண்டு உப்பு மிளகாய் எடுத்து உன் போட்டோவுக்குச் சுற்றிப் போட்டாள். பாஸ்டர் பார்த்தால் என்ன சொல்வார் என்று கேட்டேன். "அவுருக்கும் சேத்து சுத்திப் போடறேன்" என்றாள்.

வெந்நீர் மலைக்கு அவசியம் போய் வா. இங்கே வள்ளூர்ப் பக்கம் மின் நிலையத்துச் சுடுதண்ணீர் வாய்க்காலில் ஓடுவதைப் பார்த்திருக்கிறாய். அதில் யாரும் காசு கொடுத்துக் குளிக்க மாட்டார்கள். ஆண்டவர் காய்ச்சுகிற தண்ணீர் வேறு மாதிரிதான் இருக்கும்.

ஒரு விஷயம். நல்லதாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. முழுக்கைச் சுடிதாரில் இருக்கட்டும். துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள். அம்மா கேட்கச் சொன்னாள்.

என்றும் உன் நலம் நாடும்
நைனா

*

ஓடவாரா
2 ஜூன் 2024, ஞாயிறு

அன்புள்ள நைனாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். கேட்ட போட்டோ இதனுள் இருக்கிறது. கல்பனா எடுத்தது. துப்பட்டா நீங்கள் சொன்னபடிதான்.

போன ஞாயிறு மலைக்குப் போய் வந்தோம். எட்டுப் பேர். ரயில் மலை ஏறும்போது கொஞ்ச தூரம் முன்னால் போகிறது, நிற்கிறது, பிறகு பின்பக்கமாக ஏறுகிறது. டிரைவரும் கார்டும் இறங்கி, ஒருவருக்கொருவர் சல்யூட் வைத்துவிட்டு இடம் மாறிக்கொள்கிறார்கள். கல்பனா, "இன்னா மெர்சி, ரிட்டர்ன் போறானா?" என்று பயந்துவிட்டாள்.

மேலே ஒரு பள்ளத்தாக்கில் பாறைச் சந்துகளிலிருந்து புகை வருகிறது. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் அடிக்கிற நாற்றம். அங்கே முட்டையை வேகவைத்தால் ஓடு கரியாகிவிடுகிறது. உள்ளே வெள்ளைதான். ஒன்று சாப்பிட்டால் ஏழு வருஷம் ஆயுள் கூடும் என்கிறார்கள். கல்பனா மூன்று சாப்பிட்டாள்.

குளியல் வீடு மரத்தால் கட்டியது. பெண்களுக்குத் தனியாக, ஆண்களுக்குத் தனியாக. வாசலில் நீலத் துணி தொங்குகிறது. தண்ணீர் பாலில் சாம்பல் கலந்த மாதிரி. கல்பனா இரண்டு மணி நேரம் ஊறிவிட்டு முகம் தக்காளி மாதிரி வந்தாள். வெளியே முற்றத்தில் காலை மட்டும் வைத்துக்கொள்ளும் தொட்டியும் உண்டு. கால்வலிக்கு மிகவும் நல்லதாம். அம்மாவை நினைத்துக்கொண்டேன். எல்லாம் நன்றாக இருந்தது.

வேலையில் குறையில்லை. ஜப்பான் எண்களை நூறு வரை சொல்லுவேன்.

தங்கள் ஜெபத்தை நம்பியிருக்கும்
மெர்சி

*

புதுகும்மிடிப்பூண்டி
20 ஜூன் 2024

பிரியமான மகளுக்கு,

இயேசுவின் சமாதானம் உன்னோடிருப்பதாக. நாங்கள் சுகம். போட்டோ வந்தது. அம்மா அதை முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறாள்.

உன் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். ரயில் ஏறியது இருக்கிறது, முட்டை இருக்கிறது, கல்பனா குளித்தது இருக்கிறது. நீ குளித்தது இல்லை. காது போனவன் எழுத்தை நன்றாகக் கேட்பான், அம்மா. சரி, அது இருக்கட்டும்.

மீஞ்சூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து போனார்கள். நம் பாஸ்டர் சொல்லி வந்தவர்கள். பையன் பெயர் ஸ்டீவன், முப்பத்தாறு வயது, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். குடிப்பழக்கம் இல்லை. பார்க்க சாது. என்னிடம் பேசும்போது கத்தாமல், மெதுவாக உதட்டை அசைத்துப் பேசினான். அது எனக்குப் பிடித்தது. அவன் அம்மா சின்னப்பொண்ணு உன் போட்டோவைப் பார்த்துவிட்டு "லட்சணமா கீது பொண்ணு" என்றார்களாம். உங்கம்மா உடனே இரண்டாவது டம்ளர் டீ போட்டுவிட்டாள்.

அவசரம் ஒன்றுமில்லை. உன் மனசு தெரிந்த பிறகுதான் எதுவும். நீ வந்த பிறகு நேரில் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறோம். செப்டம்பர் கடைசி ஞாயிறு அவர்கள் பெரியவர்களோடு வந்து உறுதி பேசிவிட்டுப் போகலாம் என்கிறார்கள்.

யோசித்து எழுது.

அன்புடன்
நைனா

*

ஓடவாரா
7 ஜூலை 2024, ஞாயிறு

அன்புள்ள நைனாவுக்கு,

நலம், உங்கள் நலம் அறிய ஆவல்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: நான் குளிக்கவில்லை. அந்த வீட்டில் துணி ஒன்றும் இல்லாமல்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். துண்டைக்கூடத் தண்ணீருக்குள் கொண்டுபோகக் கூடாது. உடை மாற்றும் அறை வரைக்கும் போனேன். எல்லோரும் பேசிக்கொண்டே கழற்றிக் கூடையில் வைத்தார்கள். நான் மேல் பட்டன் ஒன்றைக் கழற்றினேன். பிறகு போட்டுக்கொண்டேன். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் காலை மட்டும் தொட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன், இரண்டு மணி நேரம்.

இப்போது நான் கேட்கிறேன். மீஞ்சூர்க்காரர்களிடம் என் கையைப் பற்றிச் சொல்லிவிட்டீர்களா?

மெர்சி

*

புதுகும்மிடிப்பூண்டி
3 ஆகஸ்ட் 2024

பிரியமான மகளுக்கு,

சமாதானம் உண்டாவதாக. எல்லோரும் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோயிலுக்கு வெள்ளையடிக்கிற வேலை. ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் நானே நின்றேன். ஆடி மாசக் காற்றில் புழுதி வேறு. ஈகுவார்பாளையம் பக்கம் நல்ல மழை என்றார்கள், இங்கே ஒரு சொட்டு இல்லை. அம்மாவுக்குப் புது மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார் டாக்டர். அதில் தூக்கம் அதிகம் வருகிறதாம்.

நீ கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். "கண்ணாலம் ஆவட்டும், அப்பறம் தெரிஞ்சா தெரியட்டும். புள்ள பொறந்துட்டா எவன் கேக்கப் போறான்? இப்ப சொல்லி, வந்தத வெரட்டினு போறதா?" என்கிறாள். கை விஷயத்தில் போன தடவை நிச்சயம் நின்றுபோனதில் அவள் பட்ட பாடு உனக்குத் தெரியும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். சளி இருந்தால் மிளகு போட்டுக் குடி.

நைனா

*

ஓடவாரா
25 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

அன்புள்ள நைனாவுக்கு,

வணக்கம். சளி இல்லை. எப்போதும் இருந்ததில்லை. நல்ல பலத்தோடு இருக்கிறேன், அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுத முடிகிறது. கொஞ்சம் நீளம். கோயில் வேலை எல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து வாசியுங்கள்.

போன ஞாயிறு மறுபடியும் மலைக்குப் போனேன். கல்பனா இல்லை. ஒக்காபே-சானும் நானும் மட்டும். நான்தான் கேட்டேன். உங்கள் கடிதத்தில் "நான் ஒன்றும் சொல்லவில்லை" என்ற வரியை வாசித்த அன்றைக்கே கேட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. காலை ஏழு மணி ரயில் என்றாள்.

உடை மாற்றும் அறையில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு அவள் தன் வேலையைப் பார்த்தாள். நான் சட்டையைக் கழற்றினேன், நைனா. கழுத்திலிருந்து முழங்கை வரைக்கும், தோள்பட்டை, முதுகில் பாதி. ஆறு வருஷத்தில் டாக்டரையும் நர்ஸையும் தவிர வேறு யார் முன்னாலும் நான் அப்படி நின்றதில்லை. அம்மாவுக்கே கட்டுப் பிரித்த பிறகு முழுசாகக் காட்டியதில்லை. ஒக்காபே-சான் திரும்பினாள். அவள் வயிற்றில் மேலிருந்து கீழே ஒரு நீளத் தையல் இருந்தது. அவள் என்னுடையதைப் பார்த்தாள், நான் அவளுடையதைப் பார்த்தேன். சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

குட்டை முக்காலியில் உட்கார்ந்து தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். இறங்கினேன். தண்ணீர் நல்ல சூடு. தொடையில் இருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தார்களே, அந்த இடங்களில் சூடு தெரியவில்லை. சுற்றி இருக்கிற தோலில்தான் தெரிகிறது. ஆற்றின் நடுவே மணல் திட்டு மாதிரி. மேலே கூரை இல்லை. மலையும் மூங்கிலும் தெரிகின்றன. ஐந்தாறு பெண்கள் தலையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என்னை உற்றுப் பார்க்கவில்லை. நான் நினைத்து நினைத்துப் பயந்தது ஒன்றுமே நடக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எதிரே இருந்த ஒரு அம்மாள், எழுபது வயது இருக்கும், தண்ணீருக்குள்ளேயே நகர்ந்து என் பக்கத்தில் வந்தாள். என் தோளைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "அட்சுகத்தா தெஷோ" என்றாள். எனக்குப் புரியவில்லை. சிரித்துவைத்தேன். அவள் கையில் தண்ணீரை மொண்டு மெதுவாக என் தோளில் ஊற்றிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

வெளியே வந்து விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பால் குடிக்கும்போது ஒக்காபே-சானிடம் கேட்டேன். அவள் போனில் தட்டித் தமிழில் காட்டினாள். "சூடாக இருந்திருக்கும் அல்லவா" என்று இருந்தது. போனில் வருவது வளைந்த தமிழ். நம் பேச்சில் சொன்னால், 'ஐயோ, எவ்வளவு சுட்டிருக்கும்' என்பதுதான்.

நைனா, அந்தப் பால் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். துக்கம் இல்லை. ஆறு வருஷமாக எத்தனை பேர் எத்தனை சொன்னார்கள். இனி யார் கட்டுவான் என்றார்கள். முகம் தப்பியதே, ஸ்தோத்திரம் சொல்லு என்றார்கள். பழைய கம்பெனியில் சூப்பர்வைசர், "எண்ணத் தொட்டி கிட்ட பாத்து நிக்கத் தெரியாதா" என்றார். காய்ச்சிய இரும்புக் கூடை சங்கிலி அறுந்து எண்ணெய்த் தொட்டிக்குள் விழுந்து என்மேல் தெறித்ததற்கு நானா பொறுப்பு? சுட்டதா என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. பாஷை தெரியாத ஒரு கிழவி கேட்டாள்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன். கோபம் இல்லாமல்தான் கேட்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், புழுக்கம் தாங்காமல் அரைக்கை நைட்டி போட்டுக்கொண்டு உங்களுக்குச் சோறு எடுத்து வந்தேன். நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனீர்கள். ராத்திரி வரைக்கும் வரவில்லை. அன்றிலிருந்துதான் நான் வீட்டிலும் முழுக்கை. ஏன் போனீர்கள்?

மீஞ்சூர்க்காரர்கள் வரும்போது சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நானே அந்தப் பையனுக்கு எழுதிவிடுவேன், எனக்கு அது கஷ்டமில்லை. ஆனால் என் நைனா வாயால் சொல்ல வேண்டும் என்று ஆசை.

இதனுள் இன்னொரு போட்டோ வைத்திருக்கிறேன். குளித்துவிட்டு வந்து எடுத்தது. கை இல்லாத பனியனில்.

உங்கள்
மெர்சி

*

புதுகும்மிடிப்பூண்டி
10 செப்டம்பர் 2024

என் மகள் மெர்சிக்கு,

நாங்கள் சுகம். கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. கோயில் படியில் உட்கார்ந்து வாசித்தேன். சாயங்காலம் மணி அடிக்க மறந்துவிட்டேன். பாஸ்டர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது.

நீ கேட்டதற்கு நேராகப் பதில் எழுதுகிறேன்.

நீ டீச்சர் டிரெயினிங் போகிறேன் என்றாய். இரண்டு வருஷம் படித்துவிட்டு வேலைக்கு எங்கே அலைவது, கம்பெனிக்குப் போ என்றவன் நான். அந்தக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்த சாம்சனை வீடு தேடிப் போய்க் கெஞ்சி அந்த இடத்தை வாங்கித் தந்ததும் நான். அந்த எண்ணெய்த் தொட்டிப் பக்கம் நான் ஒருநாள் உன்னைப் பார்க்க வந்திருக்கிறேன். சங்கிலி தேய்ந்திருப்பதைப் பார்த்தேன். மில்லில் இருந்தவன் கண்ணுக்கு அது தெரியாமல் போகுமா? யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சேர்ந்த புதுசில் உன் வேலைக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறது என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். பதினோரு மாசம் கழித்து அது அறுந்தது.

நீ ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு நாள் கிடந்தாய். நான் ஒருநாளும் உள்ளே வரவில்லை. பெண்கள் வார்டு, ஆண்களை விட மாட்டார்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடமும் அப்படித்தான் சொல்லச் சொன்னேன். சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் யாரை வேண்டுமானாலும் விடுவார்கள். எனக்குத் தெரியும். அந்த இரண்டு மணி நேரமும் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன்.

நீ சோறு கொண்டுவந்த அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். உன் கை அசிங்கமாக இருக்கிறது என்று எழுந்து போகவில்லை, அம்மா. அது என் கையால் ஆனது என்று தெரிந்ததால் போனேன். ரயில்வே லைன் ஓரமாக எளாவூர் வரைக்கும் நடந்தேன். திரும்பி வரும்போது நீ துப்பட்டா சுற்றிக்கொண்டிருந்தாய். நிம்மதியாக இருந்தது எனக்கு. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

மில்லில் சிவந்த கம்பி ஒன்று என் கட்டைவிரலைத் தொட்டுவிட்டுப் போனது, ஒரு நொடிதான். மூன்று நாள் கத்தினேன். உனக்கு எவ்வளவு சுட்டிருக்கும் என்று நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். நீ வந்ததும் எனக்குச் சொல். உதட்டைப் பார்த்துக் கேட்டுக்கொள்வேன். எத்தனை நேரமானாலும் எழுந்து போக மாட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுதுவது சுலபம். அதனால் அதை இப்போது எழுதவில்லை.

மீஞ்சூர்க்காரர்களிடம் நானே சொல்கிறேன்.

நைனா

*

புதுகும்மிடிப்பூண்டி
30 செப்டம்பர் 2024

பிரியமான மகளுக்கு,

ஸ்தோத்திரம். உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். நேற்று அவர்கள் வந்தார்கள். ஆறு பேர், ஆப்பிள், பூ, எல்லாம் கொண்டு வந்தார்கள்.

அம்மா கேசரி கிண்டியிருந்தாள். காலையிலிருந்தே என்னைப் பார்த்துப் பார்த்து, "ந்தா, நீ இன்னிக்கு வாயத் தொறக்காத. காது கேக்கல, கம்முனு குந்து" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காது கேட்கவில்லை என்பதற்கும் வாயைத் திறக்காததற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். முறைத்தாள்.

பாஸ்டர் ஜெபம் பண்ணி முடித்ததும் நான் எழுந்து நின்றேன். உன் பனியன் போட்டோவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அந்த அம்மாள் சின்னப்பொண்ணு கையில் கொடுத்தேன். என் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று எனக்குத் தெரியாது. தெருவில் போனவர்கள் நின்றார்கள் என்று அம்மா பிறகு சொன்னாள்.

"எம் பொண்ணுக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால எண்ண பட்டு தோளு, கையி, முதுகு வெந்துச்சு. அது அவ தப்பு இல்ல. அவள அங்க அனுப்பனவன் நான். சங்கிலி தேஞ்சிருந்தத பாத்துட்டும் சொல்லாம வந்தவன் நான். நாப்பத்தொரு நாள் படுத்து எழுந்து, ஆறே மாசத்துல வேற கம்பெனிக்கு வேலைக்குப் போனா. இப்ப ஜப்பான்ல கீறா. இத்த மறைச்சி கொடுக்கற பொண்ணு இல்ல அவ. பாத்துக்குங்க" என்றேன்.

ஸ்டீவன் போட்டோவை வாங்கிப் பார்த்தான். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் அம்மா அவன் முழங்காலில் கை வைத்தாள். வாயை மூடிக்கொண்டான். பிறகு அந்த அம்மாள் மெதுவாக என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள்: "ஜெபிச்சிட்டு சொல்றோம், ஐயா." எழுந்துவிட்டார்கள். கேசரி பாதி அப்படியே இருந்தது. அவர்கள் இன்று காலை பாஸ்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ராத்திரியே ஜெபித்து முடித்துவிட்டார்கள் போல.

இனிமேல்தான் சங்கதி. அவர்கள் போனதும் அம்மா என்னை அடிக்க வருவாள் என்று நினைத்தேன். அவள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். நான் சங்கிலி விஷயத்தை அவளிடமும் ஒருநாளும் சொன்னதில்லை. "நீ பாத்தியா? பாத்துட்டா வந்த?" என்றாள். ஆமாம் என்றேன். பிறகு போட்டோவைக் கேட்டாள். கொடுத்தேன். அவளும் இப்போதுதான் முழுசாகப் பார்க்கிறாள். விரலால் தோளைத் தடவினாள். "கொழந்த," என்றாள்.

ராத்திரி எனக்குச் சோறு போடவில்லை. நானே போட்டுக்கொண்டேன். இன்று காலையில் டீ கொடுத்தாள். உன் போட்டோவை எங்கள் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில், வாசலில் வருகிறவர்கள் பார்க்கிற இடத்தில் மாட்டச் சொன்னாள். ஆணி அடித்துவிட்டேன்.

வரன் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. உனக்கு இருந்தால் எழுது.

நைனா

*

ஓடவாரா
13 அக்டோபர் 2024, ஞாயிறு

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும்,

இரண்டு கடிதமும் கையில் இருக்கின்றன. நான் நலம், நலத்துக்கும் மேலே. முழங்காலை அசைக்காமல் இருங்கள், அம்மா. வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனி, இருபத்தாறாம் தேதி, நான் வந்துவிடுவேன். எனக்கு முன்னால் வந்து சேரட்டும் என்று இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நைனா, பத்தாம் தேதிக் கடிதத்தை வாசித்துவிட்டு மூன்று நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். சங்கிலியைப் பார்த்துவிட்டு வந்தீர்கள் என்பது எனக்குச் சின்ன விஷயமில்லை. வேலை நேரத்தில்கூட அதுதான் ஞாபகம். அப்போதே பதில் எழுதியிருந்தால் கடுமையாக எழுதியிருப்பேன். பிறகு முப்பதாம் தேதிக் கடிதம் வந்தது. ஆறு பேர் முன்னால், தெருவே நிற்கிற மாதிரி, "அது அவ தப்பு இல்ல" என்று சொன்னீர்களே. அதை நான் கேட்கவில்லையே என்று இருக்கிறது. கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மிச்சத்தை ஊருக்கு வந்து உங்கள் எதிரே உட்கார்ந்து தீர்த்துக்கொள்கிறேன். உதட்டைப் பார்த்துக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நிறைய இருக்கிறது.

வரன் போனதில் வருத்தமில்லை. அந்தப் பையன் வாயெடுத்து என்ன சொல்லப் போனானோ. அம்மா கை வைத்ததும் நிறுத்திக்கொள்கிறவன் எனக்கு வேண்டாம்.

இங்கே மேனேஜர் கூப்பிட்டார். நம் ஆலையில் ஜனவரியில் சூட்டு உலை ஒன்று புதிதாக வருகிறது. அதில் வேலை செய்யப்போகிற பெண்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிற பொறுப்பை என்னிடம் கொடுக்கிறார்கள். டீச்சர் டிரெயினிங் இல்லாமலே டீச்சர் ஆகிவிட்டேன். நான் ஒன்று கேட்டேன்: தேய்ந்ததைப் பார்த்து யார் சொன்னாலும், நேற்று சேர்ந்தவளாக இருந்தாலும், மெஷின் உடனே நிற்க வேண்டும், சொன்னவள் வேலைக்கு ஒன்றும் ஆகக் கூடாது. எழுதித் தரச் சொன்னேன். தந்திருக்கிறார்கள்.

நேற்று எல்லோருமாகக் கடைசி தரம் மலைக்குப் போனோம். கல்பனாவும் வந்தாள். நாலு வருஷமாக என் பக்கத்து டேபிளில் வேலை செய்கிறவள். கையில் ஏதோ சின்ன ஆக்சிடென்ட் என்று மட்டும் அவளுக்குச் சொல்லியிருந்தேன். நான் முதலில் போய்த் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன், தோளை வெளியே வைத்துக்கொண்டு. அவள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தாள். பார்த்தாள். கரையிலேயே நின்றுவிட்டாள். எனக்கு ஒரு நிமிஷம் பழைய பயம் வந்தது.

"அடிப்பாவி," என்றாள், "இத்தயா நாலு வருஷமா சித்திர வெயில்லகூட மூடிக்கினு வேர்த்து ஊத்தினு இருந்த? லூசா நீ? ரொம்ப வலிச்சுதா?"

"ரொம்ப," என்றேன்.

"செரி, தள்ளு. எடம் வுடு, எனக்குக் குளுருது."

தள்ளி உட்கார்ந்தேன்.

சென்னை விமான நிலையத்தில் சந்திக்கும் வரை,
உங்கள் மகள்
மெர்சி பாக்கியநாதன்